வெட்டின ஒன்பது அங்குலம்

போன மாசம் அக்கா பையன் வாட்ஸ்அப்பில் ரெண்டு போட்டோ அனுப்பினான். முதல் படத்தில் ஒரு கிளாசிக் 350, கம்பெனியிலிருந்து வந்தபடியே. ரெண்டாவது படத்திலும் அதே வண்டிதான். பின் மட்கார்டு பாதிக்கு மேல் காணோம், சாரி கார்டு இல்லை, நம்பர் பிளேட் பக்கவாட்டில் வீல் அச்சுக்குப் பக்கம் தொங்குது. கீழே ஒரு வரி: "மாமா, நம்ம வண்டியையும் இப்படிப் பண்ணிடலாமா?"

அவன் விருத்தாசலம் செராமிக் இன்ஸ்டிடியூட்டில் டிப்ளமா முடித்தவன். கை வேலை தெரிந்த பையன். "வேணாம்டா" என்று ஒரு வார்த்தையில் முடித்தால் கேட்கமாட்டான், கேட்கவும் கூடாது. அதனால் ஒரு தாளில் படம் போட்டு விளக்கலாம் என்று உட்கார்ந்தேன், அது நீண்டு இந்தக் குறிப்பாக வந்து நிற்கிறது. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதே தப்பை நானும் பண்ணியிருக்கிறேன். நடுநிலையான ஆய்வு என்று நினைத்துப் படிக்காதீர்கள்.

வெட்டச் சொல்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம். யூடியூபில் இந்த மாதிரி வீடியோக்கள் நிறைய. எல்லாவற்றிலும் ஒரே வசனம்தான்: "பின்பக்கம் பாரமா இருக்கு." இதை நான் கேலி பண்ணமாட்டேன், ஏனென்றால் கண்ணுக்கு அது உண்மை. புல்லட் குடும்பத்தில் பின் மட்கார்டு ஆழமானது, ரெண்டு பக்கமும் இறங்கி டயரை மூடும். அது 1940, 50களின் பிரிட்டிஷ் வண்டிகளின் உருவம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தபோது கூடவே வந்த உருவம். மழை ஓயாத ஊர்க்காரன் வரைந்த மட்கார்டு அது. டயர் கொஞ்சம் தெரிந்தால் வண்டி பாய்கிற மாதிரி இருக்கும், டயரை மூடினால் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். அழகு பற்றிய இந்த வாதத்தில் வெட்டுகிறவர்கள் ஜெயித்துவிடுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

வெட்டின உருவம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவில் 1930களில் கிளாஸ் சி என்று ஒரு பந்தய வகை வந்தது. கடையில் விற்கிற சாதா வண்டியையே பந்தயத்தில் ஓட்டவேண்டும். எடை குறைக்க முன் மட்கார்டைக் கழற்றினார்கள், பின்னதை நறுக்கினார்கள். குதிரை வாலை நறுக்குவதற்கு அவர்கள் ஊரில் இருந்த வார்த்தையே இதற்கும் ஒட்டிக்கொண்டது: பாப். அப்படி வந்ததுதான் பாபர். ரெண்டாம் உலகப்போர் முடிந்து, ராணுவம் கழித்துக்கட்டிய ஹார்லிகளை வாங்கியவர்கள் அதையே தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பாணி செழித்த கலிஃபோர்னியாவின் தென்பகுதியில் வருஷத்தில் பாதி நாள் மழையே கிடையாது. இன்னொன்று, அந்த வண்டிகளில் பின்னால் யாரும் உட்காரப்போவதில்லை. ஒற்றை சீட்டு, ஒற்றை ஆள்.

அந்த உருவத்தைக் கம்மாபுரத்துக்குக் கொண்டுவந்தால் அதற்குள் இருக்கிற அனுமானங்களும் சேர்ந்து வரும். மழை கிடையாது, பின்னால் ஆள் கிடையாது. எங்கள் ஊரில் ரெண்டுமே உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை போட்டு வாங்கும். விருத்தாசலம் பக்கத்துக் களிமண்ணை நம்பி ஊரில் பீங்கான் தொழிலே நடக்குது என்றால் அது எப்படி ஒட்டும் என்று பாருங்கள். பின்னால் ஆள் இல்லாமல் போகிற பைக்கை எங்கள் ரோட்டில் எண்ணிவிடலாம். அம்மா இருப்பார், பெண்டாட்டி இருப்பார், பள்ளிக்கூடம் விட்ட ரெண்டு பசங்க இருப்பாங்க, இல்லாவிட்டால் புல்லுக்கட்டு.

இனி கணக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள், பி.இ. படித்ததற்கு எப்போதாவதுதான் பயன் வருகிறது.

வண்டியை இடது பக்கமிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். முன்பக்கம் நமக்கு இடது கையில் இருக்கிறது. பின் சக்கரத்தைக் கடிகார முகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தரையைத் தொடுகிற இடம் 6 மணி, பின்பக்கம் அச்சு மட்டம் 3 மணி, உச்சி 12 மணி. வண்டி முன்னால் போகும்போது சக்கரம் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். அதாவது டயர் 6 மணியில் தண்ணீரை அள்ளி 3 மணி வழியாக 12க்குத் தூக்கிக்கொண்டு போகும். ஒட்டிக்கொண்ட சொட்டு எந்த இடத்தில் பிடியை விடுகிறதோ, அந்த இடத்தின் தொடுகோட்டில் பறக்கும். 6க்கும் 3க்கும் நடுவில் விட்டால் மேலேயும் பின்னாலேயும் போகும், பின்னால் வருகிறவன் மூஞ்சிக்கு. சரியாக 3 மணியில் விட்டால் நேர் மேலே. 3க்கும் 12க்கும் நடுவில் விட்டால் மேலேயும் *முன்னாலேயும்* போகும். முன்னால் என்றால் பின்சீட்டில் இருக்கிறவர் முதுகு.

வேகத்தையும் பார்த்துவிடுவோம். 50 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு சுமார் 13.9 மீட்டர். என் வண்டியின் பின் டயர் 110/90-18, ஆரம் ஏறக்குறைய 33 செ.மீ. அந்த வேகத்தில் டயர் மேல் இருக்கிற சொட்டு உணர்கிற விலக்கம் பூமி ஈர்ப்பைப்போல சுமார் 60 மடங்கு. களிமண் எவ்வளவு ஒட்டினாலும் ஒரு கட்டத்தில் கழன்றுதான் ஆகணும். 3 மணியில் கழன்ற சொட்டு, காற்றுத் தடை இல்லையென்றால், கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்துக்குப் போகும். நிஜத்தில் காற்று அதைப் பாதியிலேயே உடைத்துத் தூளாக்கிவிடும். ஆனால் ஓடுகிற ஆள் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் அந்தத் தூளும் முதுகைத் தேடித்தான் வரும். மழை விட்ட பிறகு ஓட்டினாலும் வெள்ளைச் சட்டையின் நடு முதுகில் ஒரு கோடு விழுமே, அந்தக் கோடு இப்படி வருவதுதான்.

ஆக மட்கார்டின் வால் எதுவரை வரணும் என்பதற்கு விடை இருக்கிறது. 12லிருந்து 3 மணி வரை இருக்கிற தகடு நமக்காக. 3 மணிக்குக் கீழே தொங்குகிற மட் ஃபிளாப் நமக்குப் பின்னால் வருகிற, பேர் தெரியாத ஒருத்தருக்காக. இந்த ரெண்டாவது பகுதிதான் எனக்கு ஆச்சரியம். நம்ம காசில் வாங்கின வண்டியில் நமக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லாத ஒரு பாகம். வெட்டுகிறவர்கள் முதலில் எடுப்பதும் இதைத்தான், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவர்களுக்கு அது உதவவே இல்லையே.

என் வண்டியில் பட்டறைக்காரர் வெட்டியது ஒன்பது அங்குலம். மட்கார்டின் ஆரத்துக்கு அது 36 டிகிரி கிட்ட வரும். 3 மணிக்கு முடிந்த தகடு 2 மணிக்கும் மேலே ஏறிப்போச்சு. அந்த ஒரு மணி நேர இடைவெளி முழுக்க முதுகுக்குக் குறிவைத்த இடைவெளி. அப்போது இந்தக் கடிகாரம் எல்லாம் எனக்குத் தோன்றவில்லை.

நடந்தது 2017. அப்போது சென்னையில் தனியாக இருந்தேன். செகண்ட் ஹேண்டில் ஒரு கிளாசிக் 350. பழைய மகாபலிபுரம் சாலையில் ஆபீஸ், வீடு, ஆபீஸ். பின்சீட்டில் லேப்டாப் பை. ஊர் பேரும் கடைப் பேரும் வேண்டாம், ஒரு பட்டறையில் கொடுத்து வெட்டினேன். சாரி கார்டையும் கழற்றச் சொன்னது நான்தான். ரொம்ப அழகாக வந்தது, இப்போதும் மறுக்கமாட்டேன். தீபாவளி கழித்து வண்டியிலேயே ஊருக்கு வந்தேன்.

மறுநாள் அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்ட விருத்தாசலம் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா எப்போதும் போல ஒரு பக்கமாக உட்கார்ந்தார். நம் பக்கத்தில் ஒருபக்கம் என்றால் இடது பக்கம்தான். இந்த வண்டியில் செயினும் இடது பக்கம். சேலைக் கீழ்க்கொசுவம், சக்கரம், செயின் மூன்றும் ஒரே பக்கத்தில், நடுவில் இருக்கவேண்டிய கம்பி மட்டும் சென்னையில். ஊரைத் தாண்டி ஒரு வேகத்தடையில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன், இருபதுகூட இருக்காது. "டேய் டேய்" என்று சத்தம். பிரேக் போட்டு நிறுத்துவதற்குள் அம்மா கீழே. சேலை ஒரு முழத்துக்கு ஆரங்களில் சுற்றியிருந்தது. முழங்கையில் தோல் உரிந்ததோடு போச்சு. நாற்பதில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இங்கே கணக்குப் போடப்போவதில்லை.

டீக்கடையில் இருந்து ஓடிவந்த ரெண்டு பேர் அரிவாளால் சேலையை அறுத்து எடுத்தார்கள். அம்மா ரோட்டோரம் உட்கார்ந்து வண்டியின் பின்பக்கத்தை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்டா தம்பி, காசு குடுத்தா இத அறுத்த?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. முதுகில் கழுத்துவரை சேறு வேறு.

சாரி கார்டு ஏதோ கம்பெனி கருணையில் கொடுப்பது இல்லை. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. பின்சீட்டு இருக்கிற எந்த மோட்டார் சைக்கிளிலும் கைப்பிடி, கால்மிதி, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கிற ஒரு தடுப்பு, மூன்றும் இருக்கணும், பின்னால் உட்காருபவர் துணி சக்கரத்தில் சிக்கக்கூடாது என்பதற்காக. எழுதியவர் யாரென்று தெரியாது, ஆனால் அவர் மனசில் இருந்தது எங்கள் அம்மா மாதிரி ஒருத்தர்தான். உலகத்து பைக் பத்திரிகைகள் இந்தத் தடுப்பை அசிங்கம் என்று எழுதும்போது எனக்கு இப்போது கோபம் வருகிறது. அசிங்கம்தான். ஆனால் பைக்கில் இந்திய ரோட்டைப் பார்த்து வைக்கப்பட்ட பாகங்கள் ரொம்பக் கொஞ்சம், அதில் இது ஒன்று.

சட்டத்தின் மற்ற பக்கம் இவ்வளவு தெளிவாக இல்லை. 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில், தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். இந்தப் பார்வையில் மட்கார்டை வெட்டுவதும், ஒருத்தர் சேற்றுக்கு ஏற்ற மாதிரி அதை உயர்த்தி மாட்டுவதும் ஒரே பெட்டிக்குள் போய்விடும். நான் சட்ட ஆள் இல்லை, ஆனால் இந்த ரெண்டும் ஒன்று இல்லை என்பது எங்கள் ஊர்க் கரிசலில் ஒருநாள் ஓட்டினால் புரியும்.

ஏனென்றால், ஸ்டாக்காக வைப்பதே சரி என்று சொல்கிறவர்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. "கம்பெனி இன்ஜினீயருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்பார்கள். நானே ஒரு கம்பெனி இன்ஜினீயர். எங்களுக்குத் தெரியாதது என்ன என்று எங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். டயருக்கு நெருக்கமாக மூடிய மட்கார்டு தார் ரோட்டுக்குச் சரி. ஈரக் களிமண்ணில் இறங்கினால் மண் உள்ளே அப்பிக்கொண்டு சக்கரம் பூட்டின மாதிரி நிற்கும். அறுவடை நேரத்தில் வயல் வரப்பில் குச்சியை வைத்து மட்கார்டுக்குள் குத்திக்கொண்டிருக்கும் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் சிலர் முன் மட்கார்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவார்கள், சிலர் துண்டுக் குழாய் வைத்து உயர்த்துவார்கள். அதுவும் மாடிஃபிகேஷன்தான். அதை அவர்கள் கண்ணாடியில் பார்த்துச் செய்யவில்லை, சேற்றைப் பார்த்துச் செய்தார்கள்.

அதேபோல இப்போதைய ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் வாலுக்கு அடியிலிருந்து ஒரு நீளக் கறுப்பு பிளாஸ்டிக் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், நம்பர் பிளேட்டைத் தாங்க. வண்டியை ஒருத்தர் வரைந்தார், விதியைப் படித்த இன்னொருத்தர் வந்து இதை ஒட்டவைத்தார் என்று பளிச்சென்று தெரியும். இதைக் கழற்றிவிட்டு டெயில் டைடி போடுகிற பையன் ஒரு நிஜமான டிசைன் தோல்வியைத்தான் திருத்துகிறான். சில வண்டிகளில் கம்பெனியே ஸ்விங் ஆர்மில் ஒரு ஹக்கரை மாட்டித் தருகிறது. டயரோடு சேர்ந்து ஏறி இறங்கும், அதனால் நெருக்கமாக வைக்கலாம். அங்கே வாலைச் சுருக்கினால் நஷ்டம் குறைவு. புல்லட்டில் அந்த ரெண்டாவது அரண் கிடையாது. சேறு, விளக்கு, நம்பர், சாரி கார்டு, பின்சீட்டு எல்லாம் அந்த ஒரே தகட்டை நம்பித்தான் நிற்கின்றன.

எங்கள் தொழிலில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. பழைய கோடில் எதற்கென்றே புரியாத ஒரு வரி இருக்கும். புதுசாகச் சேர்ந்த பையன் அதை அழித்துவிடுவான், டெஸ்ட் எல்லாம் பாஸாகும். மூன்று மாசம் கழித்து, வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் வருகிற ஒரு வாடிக்கையாளருக்கு எல்லாம் உடையும். எனக்கு அந்த வாடிக்கையாளர் அம்மா.

வெட்டு வேலையின் தரம் பற்றியும் சொல்லணும், ஏனென்றால் வீடியோக்களில் இது வருவதே இல்லை. கம்பெனி மட்கார்டின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், உள்பக்கமாகச் சுருட்டியிருக்கும். அது கையைக் கிழிக்காமல் இருக்க மட்டும் இல்லை. மெல்லிய தகட்டுக்கு விறைப்பைக் கொடுப்பதே அந்தச் சுருட்டல்தான். கிரைண்டரால் வெட்டினால் விறைப்பு போய்விடும், கத்தி மாதிரி ஒரு விளிம்பு மட்டும் மிஞ்சும். ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வு சும்மா இருக்குமா? ஒரு வருஷத்தில் போல்ட் ஓட்டையிலிருந்து என் தகட்டில் மயிரிழை விரிசல் ஓடியது. வெட்டின இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் துரு. வெட்டிய மட்கார்டைக் "கொஞ்சம் கீழ இறக்கி, டயரோட ஒட்டி" மாட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பின் ஷாக் 80 மி.மீ. இறங்கும் வண்டியில், சட்டகத்தோடு மாட்டிய தகட்டுக்கும் டயருக்கும் நடுவில் அதைவிடக் கூடுதலாக இடம் இல்லாவிட்டால், ரெண்டு பேர் உட்கார்ந்து ஒரு பள்ளத்தில் இறங்கும்போது டயர் தகட்டில் தேயும். படத்தில் நிற்கும் வண்டிக்குப் பள்ளம் கிடையாது.

இவ்வளவு சொன்ன பிறகும், வெட்டவே கூடாது என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. 2024இல் ராயல் என்ஃபீல்டே ஷாட்கன் 650, கோவன் கிளாசிக் 350 என்று ரெண்டு வண்டிகளைப் பாபர் சாயலில் கொண்டுவந்தது, பின்சீட்டைக் கழற்றி மாட்டும்படி. வண்டியைப் பிறப்பிலேயே அப்படி வரைவது ஒரு நேர்மை. ரெண்டு பேருக்காக வரைந்த வண்டியை ஒருத்தருக்காக அறுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதே சீட்டில் ரெண்டாவது ஆளை ஏற்றுவது வேற. என் பிழை வெட்டியதா, வெட்டின பிறகு அம்மாவை ஏற்றியதா என்று கேட்டால், ரெண்டாவது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கம்மாபுரத்தில் அந்த ரெண்டாவதைத் தவிர்த்து ஒருத்தர் பைக் வைத்துக்கொள்ள முடியுமா?

பாருங்கள், எங்கள் பகுதியில் அதிகமாக மாற்றி அமைக்கப்படும் வண்டி புல்லட்டே இல்லை, டிவிஎஸ் எக்ஸ்எல். கேரியரை நீட்டுவார்கள், பால் கேனுக்கு வளையம் வைப்பார்கள், அகல் விளக்குப் பெட்டி அடுக்க மரப்பலகை கட்டுவார்கள், ஸ்பிரிங்கை மாற்றுவார்கள். ஒரு எக்ஸ்எல்லில்கூட மட்கார்டை யாரும் அழகுக்கு வெட்டி நான் பார்த்ததில்லை. எதை மாற்றணும், எதைத் தொடக்கூடாது என்பதில் அந்த ஓட்டுநர்களின் ரசனை யூடியூப் சேனல்களின் ரசனையைவிடக் கூர்மையானது.

என் வண்டிக்கு அதே மாசம் புது மட்கார்டு வாங்கி மாட்டினேன். கறுப்பில் எத்தனை கறுப்பு இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. டேங்க்கும் மட்கார்டும் இன்றுவரை வெயிலில் ரெண்டு நிறம். சாரி கார்டையும் வாங்கினேன். அம்மா அடுத்த தடவை ஏறும்போது அந்தக் கம்பியைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். இன்றைக்கும் அப்படித்தான், யார் வண்டியானாலும்.

வெட்டின துண்டைப் பட்டறைக்காரர் தூக்கிப் போடாமல் கொடுத்திருந்தார். பரணில் கிடக்குது. போன ஞாயிறு அக்கா பையன் வந்து, கடிகாரப் படத்தைப் பார்த்துவிட்டு, அதை இறக்கச் சொன்னான். டேப் வைத்து அளந்தான். விளிம்பில் விரல் வைத்து, "கிழிக்குது மாமா" என்றான். அவன் வண்டியில் மட்கார்டு இன்னும் முழுசாக இருக்கிறது. டெயில் லைட்டை மட்டும் சின்னதாக மாற்றியிருக்கிறான், ராத்திரியில் இருபது அடிக்கு அப்பால் தெரியவில்லை. அதற்குத் தனியாக ஒரு குறிப்பு எழுதணும்.